இன்னும் ஒரு கொதி

ஜனவரி 3, சனி

இஞ்சி மாமா,

டீத்தூள் ஏஜெண்ட் வந்திருந்தான். வருஷா வருஷம் கொடுக்கிற டைரியை நீட்டி, "மாஸ்டர் இல்லாத கடையில இதக் குடுக்கவே கை வரலக்கா" என்றான். வராத கையாலேயே ரெண்டு டீயும் ஒரு பஜ்ஜியும் வாங்கித் தின்றுவிட்டுப் போனான்.

நீ இருந்தவரை இந்த டைரி பஜ்ஜி எண்ணெய் உறிஞ்சத்தான் கிழிந்தது. நான் அஞ்சாவது படித்தவள், வெள்ளைத் தாளை வீணாக்க மனசு வராது. மத்தியானம் கடை ஓய்ந்து கிடக்கும்போது உன்னோடு பேசித்தான் பழக்கம். அப்போதும் நீ பதில் சொன்னதில்லை. அதனால் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

ஊருக்கு நீ மாஸ்டர். எனக்கு மட்டும் இஞ்சி. முட்டிக்கு முட்டி முடிச்சு விழுந்த விரல், வளைந்த முதுகு, எங்கே தொட்டாலும் காரம். அந்த ஆளை வேறு என்னவென்று கூப்பிடுவது?

கடை நடக்கிறது. உன்னைப் போலவே போடுகிறேன். துணிப்பையில் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றுகிற சோம்பேறி டீ இல்லை. போர் தண்ணீரைச் சட்டியில் ஊற்றி, தூளைக் கொட்டி, சுண்டச் சுண்டக் கொதிக்கவிட்டு, இறக்கப் போகும்போது உன் குரல் காதில் விழும்: "இன்னும் ஒரு கொதி." கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் போட்ட எந்த டீயையும் நீ நல்லா இருக்கு என்று சொன்னதில்லை. கடைசி மடக்கைக் குடிக்கத் தலையை அண்ணாத்த முடியாமல், முதுகோடு பின்னால் சாய்ந்து குடிப்பாய். தம்ளரைக் கவிழ்த்து வைப்பாய். "இன்னும் ஒரு கொதி வுட்டிருக்கலாம்." அவ்வளவுதான் சர்ட்டிபிகேட்.

கழுத்து திரும்பாத ஆள் ரோட்டைக் கடக்கலாமா? "வாதம், சூடா ஒரு டீ வுட்டா எறங்கிடும்" என்று நீயே உனக்கு வைத்தியம் பார்த்தாய். வலப்பக்கம் யாராவது கூப்பிட்டால் லாரி திருப்புகிற மாதிரி மொத்த உடம்பையும் திருப்பவேண்டும். அன்றைக்கு மரக்கடைக்கு டீ கொண்டுபோனபோது கையில் தூக்கு. திரும்பினால் சிந்தும் என்று நினைத்திருப்பாய். பைக் வந்ததை ரோடே பார்த்தது. நீ மட்டும் பார்க்கவில்லை.

அந்த பைக் ஓட்டியவன் போன வாரம் கடைக்கு வந்து அழுதான். உட்காரவைத்து டீ கொடுத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா இருக்குதும்மா" என்றான். ஆயுசுக்கும் நீ சொல்லாததை உன்னைச் சாய்த்தவன் ஒரே தம்ளரில் சொல்லிவிட்டான்.

ஜனவரி 7, புதன்

கழுத்து பிடித்துக்கொண்டது. தலையணை சரியில்லை. மாற்ற வேண்டும்.

ஜனவரி 11, ஞாயிறு

நம் கோகிலாவும் உன் மருமகன் தமிழரசுவும் வந்தார்கள். அவளுக்கு ஐந்தாம் மாதம். வயிறு தெரிகிறது. ரெண்டு தடவை தங்காமல் போனது, இது தங்கியிருக்கிறது. நான் வாயைத் திறந்து சொல்லவில்லை, கண்ணேறு பட்டுவிடும். எழுதினால் படாது என்று நினைக்கிறேன்.

"வாங்க மாப்ளே. டீ குடிங்க."

"டீயா? ஐயோ அத்த. எனக்கு சுடுதண்ணி போதும். அதுவும் கேன் தண்ணியா இருந்தாக் குடுங்க."

பக்கத்துப் பஞ்சர் கடை ஜெயபால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவன் சும்மா இருப்பானா? "ஏங்க மாப்ள, கறிக்கடைக்குப் போனா கத்திரிக்கா கேப்பீங்களா?" என்றான்.

தமிழரசு கோபப்படவில்லை. போனை எடுத்துப் படம் காட்டினான். கோட்டுப் போட்ட ஒருவன் கையை ஆட்டி ஆட்டிப் பேசினான். சத்தமே இல்லை. உன் மருமகன்தான் அவனுக்கும் சேர்த்துப் பேசினான்.

"மாமா போனது பைக்கால இல்ல அத்த, டீயால. டீயில ஃப்ளோரைடுன்னு ஒண்ணு இருக்குது. அது எலும்புல போய் ஒக்காந்துக்கும். மாமா கழுத்து ஏன் திரும்பல, சொல்லுங்க பாக்கலாம்?"

"திமிரு மாப்ளே" என்றேன்.

கோகிலா சிரித்தாள், வழக்கம்போல வாயைப் பொத்திக்கொண்டு.

"சிரிங்க, சிரிங்க. அந்த ஃப்ளோரைட வெளிய தள்றதுக்கு ஒரே மருந்து அயோடின்." மேசைமேல் ஒரு பழுப்பு பாட்டிலை வைத்தான். சொட்டு மருந்து. செல்போன் ரிப்பேர் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கிவிட்டானாம். இவனுக்குக் கீழே நாலு பேர், அந்த நாலு பேருக்குக் கீழே நாலு பேர் சேரவேண்டுமாம். மேலே யார் என்று கேட்டேன், கோட்டுப் போட்டவனைக் காட்டினான்.

"அயோடின் உப்புலயே இருக்குதுன்னு ரேசன் கடைச் செவுத்துல எழுதிப் போட்டிருக்காங்களே மாப்ளே?"

"அது கெமிக்கல் அத்த! தூள் உப்ப வூட்டுக்குள்ளயே வுடக்கூடாது. நாங்க கல்லுப்புக்கு மாறிட்டோம்."

"அப்ப இந்த பாட்டில்ல இருக்கறது?"

"இது நேச்சுரல்."

உப்பில் இருந்தால் விஷம், பாட்டிலில் இருந்தால் அமிர்தம். இது புரிவதற்கு நான் ஆறாவது படித்திருக்க வேண்டும்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். துக்க வீடு, நமக்குப் பானை இல்லை. கடைக்கு லீவு விட்டேன். வீட்டில் என்ன செய்வது என்று தெரியாமல் கடைக்கே வந்து சட்டியைத் தேய்த்தேன்.

ஜனவரி 23, வெள்ளி

மாமா, நீ போஸ்டருக்கு வந்துவிட்டாய்.

காலையில் கடை திறந்தால் எதிர்ச்சாரியில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு ஃப்ளெக்ஸ். அதில் நீ. கோகிலா கல்யாணத்தில் எடுத்த போட்டோ. உன் தலைக்கு மேல் சிவப்பு எழுத்து: "டீ! மெல்லக் கொல்லும் விஷம்!" உன் தாடைக்குக் கீழே மஞ்சள் எழுத்து: "இவரைப் பாருங்கள்!" நீ காணாமல் போய்விடுவாய் என்று நினைத்தானோ என்னவோ, ஒரு அம்புக்குறி வேறு. கீழே ஒரு அறை எடுத்து 'ஆரோக்கிய மையம்' திறந்திருக்கிறான் உன் மருமகன். மாமியார் டீக்கடைக்கு நேர் எதிரே.

வருகிற சனம் எல்லாம் நின்று உன்னைப் படிக்கிறது. படித்து முடித்து ஐயோ பாவம் என்று உச்சுக் கொட்டுகிறது. அப்புறம் ரோட்டைக் கடந்து வந்து, "ஒரு டீ போடும்மா" என்கிறது. மத்தியானத்துக்குள் பால் தீர்ந்துவிட்டது.

"அக்கா, மாஸ்டரு உசுரோட இருந்தப்ப இவ்ளோ யாவாரம் இல்ல" என்றான் ஜெயபால்.

பிடுங்கி எறியச் சொல்லத்தான் போனேன். கிட்டே போனதும் தமிழரசு, "பாத்தீங்களா அத்த, டிசைன் போடற பையன்கிட்டச் சொல்லி மாமா கழுத்த கம்ப்யூட்டர்ல நேராக்கிட்டேன். கோணலா இருந்தா மரியாதையா இருக்காதில்ல" என்றான். நிமிர்ந்து பார்த்தேன். நேராகத்தான் இருந்தாய். கல்யாணமான புதிதில் சினிமாக் கொட்டகை வாசலில் நின்ற மாதிரி. அங்கிருந்து நேராக நம் கடையையே பார்த்துக்கொண்டு.

இருக்கட்டும் என்று வந்துவிட்டேன். ஆணி அடித்தது வீணாகக் கூடாது என்றுதான்.

பிப்ரவரி 2, திங்கள்

கோகிலா வீட்டுக்குப் போனேன். முகம் ஊதிக்கிடக்கிறது. குரல் கட்டையாகிவிட்டது. இந்த வெயிலில் போர்வை கேட்கிறாள். துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றியிருந்தாள்.

"என்னாடி கழுத்துல?"

"சளிம்மா."

துப்பட்டாவை இழுத்தேன். தொண்டைக்குழி மேடாக இருக்கிறது. புறா இரை தின்ற மாதிரி. அடுப்படியில் அந்தப் பழுப்பு பாட்டில்.

"இத நீயுமா குடிக்கிற?"

"மூணு வேளையும்."

"எத்தினி சொட்டு?"

"பத்து."

"பாட்டில்ல என்னா போட்டிருக்குது?"

"ரெண்டு." அப்புறம் மெதுவாக, "அது ஒரு ஆளுக்கும்மா. நாங்க ரெண்டு பேரு. அதுவுமில்லாம எங்கூட்ல ஏற்கெனவே ஃப்ளோரைடு ஒடம்புல ஊறிப்போயிருக்குதுன்னு அவரு கொஞ்சம் சேத்துப் போடச் சொன்னாரு."

அவளைத் திட்ட வாயெடுத்தேன். அவள் திட்டுக்கு முன்னாலேயே அழுதாள். அழும்போதும் கை வாய்க்குத்தான் போகிறது. அந்தப் பல், மாமா. நான் வெளியூரில் பிறந்தவள், என் பல் வெள்ளை. இந்த மண்ணில் பிறந்து இந்தத் தண்ணீர் குடித்த அவளுக்கு வரிவரியாகப் பழுப்பு. பெண் பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் 'பொண்ணு சிரிக்கவே மாட்டேங்குதே' என்று கேட்டுவிட்டு, சிரித்ததும் எழுந்துபோனார்கள். உன் மருமகன் ஒருவன்தான், "சிரிச்சா நல்லாத்தான் இருக்குது" என்றான். அன்றைக்கே நீ சொன்னாய், இவன் நல்லவன் என்று. நல்லவன்தான். யார் இல்லை என்றது?

"கொழந்தைக்கு இந்தப் பல்லு வரக்கூடாதும்மா" என்றாள் கோகிலா. "அதுக்குத்தான்."

பாட்டில் ஒன்றை அவளுக்குத் தெரியாமல் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 9, திங்கள்

பெரியாஸ்பத்திரி. போன வாரம் எடுத்த ரத்தத்துக்கு இன்று சீட்டு வந்தது. டாக்டரம்மா சீட்டைப் பார்த்தாள், கோகிலா கழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

"தைராய்டு இப்படி ஏறிக் கெடக்குதே. என்னம்மா சாப்பிடற?"

"சோறு" என்றாள் உன் மகள்.

"சோத்துக்கு மேல?"

நான் மஞ்சப்பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தேன். கோகிலா என்னைப் பார்த்த பார்வைக்கு நான் எரிந்திருக்க வேண்டும். டாக்டரம்மா பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் படித்தாள்.

"ஒரு சொட்டுலயே உனக்குப் பல நாளைக்கு வேண்டிய அயோடின் இருக்குது. பத்தா போட்ட? அதுவும் மூணு வேளை? அயோடின் கொறைஞ்சாலும் கழுத்து வீங்கும், கூடினாலும் வீங்கும். உன் கழுத்தோட போகாது. வயித்துல இருக்கறதுக்கும் அதே கதிதான். மூளை வளர்ற நேரம் இது. யார் குடுத்தது?"

"எங்க வீட்டுக்காரரு."

"டாக்டரா?"

"செல்போன் ரிப்பேரு."

டாக்டரம்மா ஒரு நிமிஷம் ஃபேனைப் பார்த்தாள். "இன்னைக்கே நிறுத்து. மாத்திரை எழுதறேன். வீட்ல அயோடின் போட்ட தூள் உப்பு, சமையலுக்கு எப்பவும் போடற அளவு. அது போதும். ஆறு வாரம் கழிச்சு மறுபடி ரத்தம் பாக்கணும்."

அப்போது கோகிலா ஒன்று செய்தாள், மாமா. தானாகவே வாயைத் திறந்து, பல்லைக் காட்டினாள். "இது பாப்பாவுக்கு வராம இருக்கணும் டாக்டர். அயோடின் எடுத்தா ஃப்ளோரைடு போயிடும்ன்னு..."

டாக்டரம்மா குரல் இறங்கிவிட்டது. "போகாதும்மா. எவனோ கதை வுட்டிருக்கான். உள்ள போகாம பாத்துக்கறதுதான் வழி. எந்தத் தண்ணி?"

"போர் தண்ணி. ஆனா நல்லாக் கொதிக்கவெச்சுத்தான் டாக்டரம்மா" என்று நான் முந்திக்கொண்டேன்.

"கொதிக்கவெச்சா கிருமி சாகும். ஃப்ளோரைடு சாகாது. தண்ணி சுண்டச் சுண்ட அது கெட்டியாகும். டீத்தூள்லயும் கொஞ்சம் இருக்குது. அந்தத் தண்ணியில அந்தத் தூளப் போட்டு சுண்டக் காய்ச்சி, நாளெல்லாம் குடிச்சா எலும்பு என்னத்துக்காகும்?"

நான் பையை எடுக்கத் திரும்பினேன்.

"ஏம்மா, நீங்க ஏன் ஒடம்போட திரும்பறீங்க?"

"பஸ்ஸுல ஜன்னல் காத்து."

"ஒரு எக்ஸ்ரே எடுத்துக்கிட்டுப் போங்க."

ஆகட்டும் என்றேன். டாக்டர் சொன்னால் ஆகட்டும் என்பது மரியாதை. எடுப்பது வேறு.

பிப்ரவரி 10, செவ்வாய்

உன் மருமகன் மையத்துக்குப் போனேன். உன் படத்துக்குக் கீழேயே நின்று பேசினேன். டாக்டரம்மா சொன்னது முழுவதையும் சொன்னேன். அவனுக்கு முகம் வெளுத்துப்போனது. ஆனால் வாய் வெளுக்கவில்லை.

"டாக்டருங்க அப்டித்தான் அத்த சொல்லுவாங்க. வியாதி போயிட்டா அவங்க பொழப்பு?"

"மாப்ளே, உங்க பொண்டாட்டி கழுத்தப் பாத்தீங்களா?"

"விஷம் வெளிய வரும்போது அப்டித்தான் வீங்கும்ன்னு வீடியோவுல சொன்னாங்க." அப்புறம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நம் கடையைக் கை நீட்டிக் காட்டினான். "நீங்க மட்டும் போர் தண்ணில டீ காய்ச்சி ஊருக்கே ஊத்தலாம். நான் எம் பொண்டாட்டிக்கு மருந்து குடுக்கக்கூடாதா? எது அத்த விஷம்?"

அடுப்பில் பால் இருந்தது. பொங்கிவிடும் என்று வந்துவிட்டேன்.

பிப்ரவரி 11, புதன்

காவிரிக் குழாய்த் தண்ணியில் டீ போட்டால் கலர் நிற்காது, ருசி ஏறாது, போர் தண்ணிதான் டீக்குத் தாய் என்று நீதான் சொன்னாய். வேறு யாராவது சொன்னார்களா என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். ஞாபகம் வரவில்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

கோகிலா வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"எம்மா, நீ போர் தண்ணிய நிறுத்து. நான் சொட்ட நிறுத்துறேன்."

"உனக்கும் எனக்கும் என்னாடி பேரம்? அது உன் வயித்துல இருக்கற உசுரு."

"அவரு அதத்தான் கேக்கறாரு. உங்கம்மா நிறுத்தட்டும், நான் டாக்டர நம்பறேங்கறாரு. அப்பா கழுத்து எப்டிப் போச்சுன்னு உனக்குத் தெரியும். எம் பல்லு எப்டிப் போச்சுன்னு தெரியும். தெரிஞ்சும் அதே தண்ணில காய்ச்சற. நீ நிறுத்தாத வரைக்கும் எந்த மூஞ்ச வெச்சிக்கினு அவருகிட்ட நான் பேசறது?"

யோசிக்கிறேன் என்றேன். பெற்ற பிள்ளை இதைக் கேட்டு, யோசிக்கிறேன் என்று சொன்ன தாய் ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

அவளுக்கு என்ன தெரியும்? அந்தச் சட்டியிலிருந்து வருகிற வாசனையில்தான் நீ நிற்கிறாய். உன் சட்டையை எரித்துவிட்டார்கள், செருப்பு போன இடம் தெரியவில்லை. ஜனங்கள் தினமும் வந்து, "மாஸ்டர் டீ மாதிரியே இருக்குது" என்கிறார்களே, அந்த ஒரு வார்த்தைதான் மிச்சம்.

இதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்பாள்.

பிப்ரவரி 15, ஞாயிறு

காவிரித் தண்ணியில் போட்டுப் பார்த்தேன்.

ஜெயபால் ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னாக்கா, டீத்தூளத் தண்ணிக்குக் காட்டிட்டு பத்திரமா எடுத்து உள்ள வெச்சிட்டியா?" என்றான். மரக்கடை ஆட்கள் பாதி தம்ளரோடு எழுந்து போய்விட்டார்கள். ஒருத்தன் போகிறபோக்கில் சொன்னான்: "மாஸ்டரோட போச்சுப்பா."

எதிரே ஃப்ளெக்ஸில் நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

பிப்ரவரி 16, திங்கள்

காவிரிக் குழாயில் இன்று தண்ணீர் விடும் நாள் இல்லை. அதனால்தான் போர் தண்ணீரில் போட்டேன். மரக்கடை ஆட்கள் திரும்பி வந்தார்கள்.

பிப்ரவரி 20, வெள்ளி

கோகிலா போன் பண்ணினாள்.

"சொட்ட நிறுத்திட்டேம்மா. நீ?"

"நானுந்தான்."

போனை வைத்துவிட்டாள். நான் பேசும்போது பின்னால் போர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. போனில் அவ்வளவு தூரம் கேட்காது.

பிப்ரவரி 24, செவ்வாய்

கேட்டிருக்கிறது.

கடை திறக்கிற நேரத்துக்கு ஆட்டோவில் வந்து இறங்கினாள். நான் போர் குழாயில் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உள்ளே வந்து கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் பிடித்தாள். பையிலிருந்து அந்த பாட்டிலை எடுத்தாள். அவளும் நிறுத்தவில்லை, மாமா. எனக்குப் பிறந்தவள் இல்லையா?

பெஞ்சில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொட்டு விட்டாள். ஒன்று. தண்ணீருக்குள் பழுப்பாகப் புகைபோலச் சுருண்டு இறங்கியது. நம் டீ இறங்குகிற அதே கலர். இன்னொன்று.

"வேணாண்டி."

இன்னொன்று.

"கோகிலா, பாப்பாடி உள்ள."

"உனக்கு உன் சட்டி. எனக்கு என் பாட்டிலு" என்றாள். அந்தக் கட்டைக் குரலில். "யாரு மொதல்ல சாவறோம் பாக்கலாம்."

அவள் தம்ளரை வாய்க்குக் கொண்டுபோனபோது தட்டிவிட்டேன். சுவரெல்லாம் பழுப்பு. கண்ணாடி உடைந்து ஜெயபால் கடை வாசல் வரை போனது.

அவன் ஓடிவந்தான். "என்னாக்கா?"

"டேய், ரம்பம் வெச்சிருக்கியா?"

"டியூப்பு வெட்டற கத்திதான் இருக்குது."

"எடுத்தா. இந்த போர் பைப்ப வெட்டு."

"மாஸ்டரு போட்ட பைப்புக்கா."

"மாஸ்டர் பொண்டாட்டி சொல்றேன். வெட்டு."

பிளாஸ்டிக் பைப்தான், ஆனாலும் சுலபத்தில் அறுபடவில்லை. உன் கைவேலை. ரெண்டு சுற்று பசை போட்டிருந்தாய். அறுந்ததும் கடைசியாக ஒரு வாய்த் தண்ணீர் கக்கிவிட்டு நின்றது. கோகிலா மீதிப் பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தாள். அப்புறம் ரெண்டு பேரும் கண்ணாடிச் சில்லு பொறுக்கினோம். அவள் குனிய வேண்டாம் என்று நான் குனிந்தேன். எழுந்திருக்கத்தான் அவள் தூக்கிவிட வேண்டியிருந்தது. வயசு.

பிப்ரவரி 26, வியாழன்

காவிரிக் குழாய் எதிர்ச்சாரியில், உன் படத்துக்குப் பக்கத்தில். ஒரு குடத்தை இடுப்பில் ஏற்ற முடியவில்லை, தோள் ஏற விடமாட்டேன் என்கிறது. குடத்தோடு குழாயடியில் நின்றுகொண்டிருந்தேன்.

தமிழரசு மையத்திலிருந்து வெளியே வந்தான். அவனுக்குச் செய்தி எட்டியிருக்கிறது. கொஞ்ச நேரம் செருப்பையே பார்த்தான். அப்புறம் குடத்தை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தான். டீ மெல்லக் கொல்லும் விஷம் என்று எழுதிவைத்தவன், டீக்கடைக்குத் தண்ணீர் சுமக்கிறான். பஸ்ஸுக்கு நின்ற சனம் மொத்தமும் பார்த்தது.

"மாப்ளே!" என்று கத்தினேன். "ரெண்டு பக்கமும் பாத்துப் போங்க!"

நின்றான். கழுத்தைத் திருப்பி வலது பார்த்தான், இடது பார்த்தான். எவ்வளவு லேசாகத் திரும்புகிறது அந்தக் கழுத்து!

மார்ச் 8, ஞாயிறு

மரக்கடை ஆட்கள் பாதிப் பேர் பஸ் ஸ்டாண்டு கடைக்குப் போகிறார்கள். போகட்டும். இஞ்சியைக் கூடத் தட்டிப் போடுகிறேன், தூளைக் கடைசியில் போட்டுச் சீக்கிரம் இறக்கிவிடுகிறேன். நீ பார்த்தால் அடுப்படியை விட்டே துரத்துவாய்.

மார்ச் 15, ஞாயிறு

கோகிலாவுக்கு ஏழாம் மாத வளையல், அவள் மாமியார் வீட்டில். தாலி இல்லாதவள் வளையல் போடக்கூடாது என்று என்னை வாசலோரம் நிற்கவைத்தார்கள். வந்தவர்களுக்கு டீ மட்டும் நான் போடலாமாம். அதில் தோஷம் இல்லையாம்.

போட்டேன். தமிழரசு குடித்தான். முதல் தடவை. என்ன தண்ணி என்று கேட்கவில்லை, அவன் தூக்கி வந்த தண்ணிதானே.

மார்ச் 24, செவ்வாய்

ரத்தச் சீட்டு வந்தது. இறங்கியிருக்கிறது. பாப்பாவுக்கு ஸ்கேன் எடுத்ததில் கழுத்து, துடிப்பு எல்லாம் சரியாக இருக்கிறதாம். பிறந்ததும் குழந்தைக்கும் ஒரு ரத்தம் பார்க்கவேண்டும் என்றாள் டாக்டரம்மா. பயமுறுத்தாமல்தான் சொன்னாள். பயம் நானாகப் பட்டுக்கொண்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தமிழரசு விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னான்: "அத்த, தூள் உப்புத்தான் நல்லது. கல்லுப்பு வூட்ல இருந்தாத் தூக்கிப் போடுங்க." அதே விரல். அதே குரல். மிச்சம் இருக்கும் பெட்டி பெட்டியான பாட்டிலை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கொஞ்ச தூரம் போனதும், "தூள் உப்பு ஏஜென்சி எடுத்தா ஓடுமா அத்த?" என்றான்.

கோகிலா சிரித்தாள். பஸ் முழுக்க ஆள். கை மடியிலேயே இருந்தது.

மார்ச் 29, ஞாயிறு

நேற்றுக் காற்றில் ஃப்ளெக்ஸ் கிழிந்து ஒரு மூலையில் தொங்கியது. மையத்தையும் காலி பண்ணிவிட்டான் உன் மருமகன். ஜெயபால் உன்னைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தான்.

"மாஸ்டர என்னாக்கா பண்றது? மாட்டுக் கொட்டாய்க்குக் கேக்கறாங்க."

"மாட்டுக் கொட்டாய்க்கு உன் போட்டோவக் குடு" என்றேன்.

அவன் டியூப் கத்தியால் மேலே சிவப்பு எழுத்தை வெட்டினான், கீழே மஞ்சள் எழுத்தை வெட்டினான். விஷமும் போனது, அம்புக்குறியும் போனது. நீ மட்டும் மிஞ்சினாய். அடுப்புக்கு மேலே சுவரில் ஆணி அடித்தான். உயரத்தில் அடித்துவிட்டான், தடியன்.

பார்க்க அண்ணாந்தேன். வரவில்லை. முதுகோடு பின்னால் சாய்ந்து பார்த்தேன்.

"எம்மா" என்று பின்னாலிருந்து கோகிலா கூப்பிட்டாள். திரும்பினேன். திரும்பி முடிக்கக் கொஞ்சம் நேரம் ஆனது. அவள் ஜெயபாலைப் பார்த்தாள். ஜெயபால் தரையைப் பார்த்தான். கடையில் எல்லோரும் டீயை ரொம்ப அக்கறையாகக் குடித்தார்கள்.

"நாளைக்கு எக்ஸ்ரேவுக்குப் போறோம்" என்றாள்.

"தலகாணி மாத்தினா சரியாப் போவும்டி."

"காலையில வரேன். குளிச்சிட்டு ரெடியா இரு."

போய்விட்டாள். மத்தியானம், கடை ஓய்ந்து கிடக்கிறது. உனக்கு ஒரு டீ போட்டு உன் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். காவிரித் தண்ணி, இஞ்சி கூட. ஆவி உன் மூக்கு வரைக்கும் ஏறுகிறது. கம்ப்யூட்டர் உனக்குக் கொடுத்த நேரான கழுத்து, இப்போது நீ யாரையும்போல அண்ணாந்தே கடைசி மடக்கைக் குடிக்கலாம்.

ஒரு கொதிதான் விட்டேன். போதுமா, இஞ்சி மாமா?